அத்து எழுதிய பத்திரமும் இரண்டாம் தாலியும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாகக் கொழுந்து பறிக்கிறேன். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீடு என் பேரில் இருக்கிறது. 2011-இல் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. பிள்ளைகள் இருவர். கணவர் பச்சைத் தேயிலை லாரி ஓட்டுகிறார். மூன்று வருடம் முன்பு பெரியவர்கள் கூடிப் பேசி, "இனி ஒருவருக்கொருவர் பாத்தியம் இல்லை" என்று நூறு ரூபாய்ப் பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கடந்த தை மாதம் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கோயிலில் அவர் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டிய போட்டோ என் போனுக்கு வந்தது. அந்தப் பெண் இப்போது முழுகாமல் இருக்கிறாளாம். மகளிர் காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்து, கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கணவரோ, "கள்ளத்தொடர்பே குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, நீயும் அத்து எழுதிக் கொடுத்துவிட்டாய், மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு கல்யாணம் செல்லும், மீறிப் போனால் மதம் மாறிக்கொள்வேன்" என்கிறார். இப்போது கூட்டு விவாகரத்து மனுவில் கையெழுத்தும் கேட்கிறார். அவர்கள் இருவரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் உண்மை. அந்த ஓர் உண்மையை முன்னால் நிறுத்தி மற்ற மூன்று பொய்களையும் உங்களை நம்பவைக்கப் பார்க்கிறார். ஆகவே முதலில் அந்த உண்மையைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருப்பது இன்று தண்டனைக்குரிய குற்றமல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ஜோசப் ஷைன் வழக்கில், 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இடம்பெறவில்லை. இந்தத் தீர்ப்பால் பெண்களின் கையிலிருந்த ஆயுதம் பறிபோய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; நீங்களும் அப்படி நினைத்து மனம் நொந்திருக்கலாம். உண்மையில் அந்த ஆயுதம் ஒருநாளும் மனைவியின் கையில் இருந்ததில்லை. இன்னொருவரின் மனைவியுடன், அந்தக் கணவரின் சம்மதம் இல்லாமல் உறவு கொண்ட ஆணை, அந்தக் கணவர் வழக்குக்கு இழுப்பதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. தவறிய கணவன்மீது அவனுடைய மனைவி புகார் கொடுக்க அதில் வழியே கிடையாது. அந்த இன்னொரு பெண் திருமணமாகாதவளாகவோ விதவையாகவோ இருந்தால் அது குற்றமாகவே கருதப்படவில்லை. பெண்ணைக் கணவனின் உடைமையாக வைத்திருந்த ஒரு சட்டம் போனதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் அவர் உறவு வைத்ததோடு நிற்கவில்லை, தாலி கட்டியிருக்கிறார். இங்கேதான் சட்டம் முற்றிலும் மாறுகிறது. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 5-ஆவது பிரிவு, திருமணத்தின்போது இரு தரப்பிலும் உயிருடன் உள்ள கணவனோ மனைவியோ இருக்கக்கூடாது என்கிறது; 11-ஆவது பிரிவின்படி அந்த இரண்டாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது; 17-ஆவது பிரிவு அதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. தண்டனை, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆவது பிரிவில் இருந்தது, இப்போது நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் இருக்கிறது: ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும். முதல் திருமணத்தை மறைத்து இரண்டாவது பெண்ணைக் கட்டியிருந்தால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை. உறவு குற்றமல்ல என்ற தீர்ப்பு இந்தப் பிரிவுகளைத் தொடவே இல்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி இரண்டாம் தாலியை நியாயப்படுத்த முடியாது.

அடுத்து அந்த நூறு ரூபாய்ப் பத்திரம். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் வருத்திய விஷயம் இதுதான், ஏனென்றால் இந்த மலையில் எத்தனையோ பெண்கள் இப்படி ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு, தங்கள் வாழ்க்கை சட்டப்படி முடிந்துவிட்டதாக நம்பி, ஜீவனாம்சம் கூடக் கேட்காமல் ஒதுங்கியிருக்கிறார்கள். முத்திரைத் தாளின் விலை நூறானாலும் ஆயிரமானாலும், அதில் நோட்டரி வழக்கறிஞர் முத்திரை குத்தியிருந்தாலும், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் சாட்சிக் கையெழுத்து போட்டிருந்தாலும், அது விவாகரத்து ஆகாது. நீதிமன்றம் தரும் தீர்ப்பாணை ஒன்றே இந்து திருமணத்தைக் கலைக்கும். இதற்கு ஒரே விலக்கு, சட்டத்தின் 29-ஆவது பிரிவு காப்பாற்றி வைத்திருக்கும் சமூக வழக்காறு: ஒரு சமூகத்தில் நீதிமன்றத்துக்குப் போகாமல் மணவிலக்கு செய்துகொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல், ஐயத்துக்கு இடமின்றி இருந்து வந்தால் அது செல்லும். நீலகிரியின் படுகர் சமூகத்தாரிடையே ஊர்க்கூட்டம் கூடி மணவிலக்கு பேசுவது பழைய வழக்கம் என்பதை நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அப்படி வழக்காறு இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நீதிமன்றத்தில் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். உங்கள் குடும்பங்கள் எஸ்டேட் வேலைக்காக மலையேறி வந்த குடும்பங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு பெரியவர்கள் உட்கார்ந்து அத்துவிட்டதை வழக்காறு என்று நிறுவுவது உங்கள் கணவருக்கு எளிதாக இருக்காது.

"மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு கல்யாணம் செல்லும்" என்ற பேச்சும் ஒரு அரைகுறை உண்மையிலிருந்து பிறந்ததுதான். இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்கு, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை, பொருந்தாது. ஆகவே நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் திருமணங்கள் அவரவர் வழக்காற்றின்படியே பார்க்கப்படுகின்றன. பழங்குடித் தம்பதி ஒருவரின் வழக்கில், இரண்டாம் திருமணத்தைச் செல்லாததாக்கும் வழக்காறு தங்கள் சமூகத்தில் உண்டு என்று மனைவி காட்டாத நிலையில் இருதாரமணக் குற்றம் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் கூறியதும் அதனால்தான். அந்த விதிவிலக்கு பிறந்த சமூகத்தைப் பொறுத்ததே தவிர, குடியிருக்கும் உயரத்தைப் பொறுத்ததல்ல. உங்கள் கணவர் பழங்குடியினர் அல்லர்; அவருக்கு அது கிடையாது. மதம் மாறுவேன் என்ற மிரட்டலுக்கும் விடை எப்போதோ வந்துவிட்டது: 1995-இல் சரளா முத்கல் வழக்கில், முதல் திருமணம் நிலைத்திருக்கும்போது மதம் மாறி மறுமணம் செய்தாலும் முதல் திருமணம் கலையாது, இரண்டாவது திருமணம் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2000-இல் லில்லி தாமஸ் வழக்கில் அதை மீண்டும் உறுதி செய்தது.

இனி, இந்த வழக்கு வெல்வதும் தோற்பதும் எங்கே என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான இருதாரமண வழக்குகள் தோற்பது சட்டம் இல்லாமல் அல்ல, சடங்குக்குச் சாட்சி இல்லாமல்தான். இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஊரே கணவன் மனைவி என்கிறது, பிள்ளையும் பிறக்கப்போகிறது என்பது மட்டும் போதாது. இரண்டாவது திருமணம் உரிய சடங்குகளோடு நடந்தது என்று நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1965-இல் பாவுராவ் லோகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் "ஆமாம், கட்டிக்கொண்டேன்" என்று ஒப்புக்கொள்வது கூடச் சடங்குக்குச் சான்றாகாது என்று அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கில் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் அவர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. 1967-இல் சுயமரியாதைத் திருமணங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு நம் மாநிலத்துக்கென்று சேர்ந்தது. உறவினர்களோ நண்பர்களோ முன்னிருக்க, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் முழுமையாகிவிடும். புரோகிதரும் வேண்டாம், அக்கினி சுற்ற வேண்டியதும் இல்லை. சுயமரியாதை உணர்விலிருந்து பிறந்த அந்தப் பிரிவுதான், முதல் மனைவியை ஏமாற்றிய ஒருவரைத் தண்டிக்கவும் உதவியது. திருத்தணிக் கோயிலில் இரண்டாவது தாலி கட்டிய ஒருவர், ஏழடி எடுத்துவைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை என்று வாதாடி விசாரணை நீதிமன்றத்தில் விடுதலையானார். நாகலிங்கம் எதிர் சிவகாமி என்ற அந்த வழக்கில், தமிழ்நாட்டில் 7அ பிரிவு இருக்கும்போது சப்தபதி கட்டாயமில்லை, தாலி கட்டியதே போதும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உங்கள் கணவரின் வழக்கறிஞரும் நாளை இதே வாதத்தோடு வரலாம். இந்தத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் கையில் வைத்திருக்கட்டும்.

ஆகவே உங்கள் போனில் இருக்கும் படத்துக்கு வருகிறேன். மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்பதும், அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருப்பதும் அதில் தெரிகிறது என்கிறீர்கள். கயிறு கழுத்தில் இருப்பது வேறு, உங்கள் கணவர் அதைக் கட்டியது வேறு. நீதிமன்றம் கேட்கப்போவது இரண்டாவதை. படத்தை உங்களுக்கு அனுப்பியவர் யார், அவரே எடுத்ததா, அல்லது யாரிடமிருந்தாவது வந்ததா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நின்று தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்த ஒரே ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தாலும் அது பத்துப் படங்களுக்குச் சமம். கோயிலில் கல்யாணத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்கியிருந்தால் அந்த ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும், திருமணப் பதிவேட்டையும் நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பதிந்திருந்தால், முதல் திருமணத்தைப் பற்றி அந்த விண்ணப்பத்தில் என்ன எழுதினார் என்பதும் உங்களுக்கு உதவும். படம் வந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு அந்தக் கருவி வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் திருமணத்தையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். 2009-இல் வந்த தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி உங்கள் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். பதியாததால் அது செல்லாமல் போய்விடாது. கல்யாணப் பத்திரிகை, படங்கள், மொய் நோட்டு, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், எஸ்டேட் அலுவலகத்தில் உங்கள் குடும்ப விவரம் எழுதிய பதிவேடு, தாலி கட்டியதைப் பார்த்த உங்கள் அண்ணனோ அத்தையோ, இவ்வளவும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவர் பெருமையாகக் காட்டும் அந்த நூறு ரூபாய்ப் பத்திரமே, 'எங்களுக்குத் திருமணம் நடந்தது' என்று அவரே ஒப்புக்கொள்ளும் ஆவணமும்கூட. மேலே சொன்னபடி ஒப்புதல் மட்டும் போதாது என்றாலும், மற்றச் சான்றுகளுக்கு அது வலு சேர்க்கும். உங்களிடம் ஒரு நகல் இல்லையென்றால் எப்படியாவது வாங்கி வையுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் சொன்னது உங்களைத் தட்டிக்கழிப்பதற்காக அல்ல. இருதார மணம், நீதிமன்ற ஆணை இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத, ஜாமீனில் விடத்தக்க குற்றம். பாதிக்கப்பட்ட மனைவி, அல்லது அவர் சார்பில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தோர், குற்றவியல் நடுவரிடம் தனிநபர் புகாராகத் தாக்கல் செய்ய வேண்டும். கல்யாணம் மேட்டுப்பாளையத்தில் நடந்ததால் மலையிறங்கி அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை: கணவர் முதல் மனைவியோடு கடைசியாகக் குடியிருந்த இடத்திலும், குற்றம் நடந்த பிறகு முதல் மனைவி நிரந்தரமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் வழக்குத் தொடரலாம். ஆகவே கோத்தகிரியிலேயே தொடரலாம். ஏழாண்டு தண்டனைக்குரிய குற்றம் என்பதால் கால வரம்பும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. சான்று சேரும் வரை நிதானமாக இருக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், நடுவர் புகாரைக் கோப்பில் ஏற்கும் முன்பே எதிர்தரப்புக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று இருப்பதால், முதல் நாளே உங்கள் ஆவணங்கள் முழுமையாக இருப்பது நல்லது. அவர் உங்களை அடித்ததோ, பணம் நகை கேட்டுத் துன்புறுத்தியதோ உண்டென்றால் அது நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவின் கீழ் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அந்த வழக்கோடு சேர்த்து இருதார மணத்தையும் அவர்கள் விசாரிக்க முடியும். கடிதத்தில் அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. வழக்கு வலுவாக வேண்டும் என்று நடக்காததை எழுதச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவரை நம்பாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஜெயில் கிடைக்குமா என்று கேட்டீர்கள். நாளையே கைது நடக்காது. ஜாமீன் அவருடைய உரிமை. வழக்கு முடிந்து குற்றம் உறுதியானால் தண்டனை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், விவாகரத்து மனு நிலுவையில் இருக்கும்போதே மறுமணம் செய்துகொண்டவர்களுக்கு, நீதிமன்றம் கலையும் வரை மட்டும் சிறை என்று உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்திருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், இவ்வளவு கடுமையான குற்றத்துக்கு இது தண்டனையே ஆகாது என்று கூறி ஆறு மாதச் சிறையாக உயர்த்தியது. சிறு குழந்தை இருந்ததால், கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே போகாமல் ஒருவர் வந்தபின் மற்றவர் போக வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதும் மறுமணத்துக்கு அனுமதியல்ல என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாக யோசியுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 82-ஆவது பிரிவு, ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருந்தும் மறுமணம் செய்தவரைத்தான் தண்டிக்கிறது. திருமணமாகாத அந்தப் பெண், எல்லாம் தெரிந்தே துணைபோனாள் என்று நிரூபித்தால் மட்டுமே உடந்தையாகச் சேர்க்கலாம். அவளிடம் உங்கள் கணவர் 'மனைவியைத் தீர்த்துவிட்டேன்' என்று அந்தப் பத்திரத்தைக் காட்டியிருந்தால், அல்லது உங்களைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருந்தால், அவளும் ஏமாற்றப்பட்டவளே; மறைத்துக் கட்டியதற்காகப் பத்து ஆண்டு தண்டனைக்குரிய புகாரை அவளே கொடுக்கலாம். தன் கழுத்தில் தாலி ஏறியதை அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடிய சாட்சி வேறு யார்? எதிரியாக்கிக்கொள்ளும் முன், உங்கள் வழக்கறிஞர் மூலம் அவளுக்கு என்ன தெரியும் என்று விசாரிப்பது விவேகம். பிறக்கப்போகும் குழந்தைக்கு, திருமணம் செல்லாது என்றாலும், இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி சட்டபூர்வத் தகுதி உண்டு. தகப்பன் சொத்தில் பங்கும் உண்டு. இது உங்கள் பிள்ளைகளின் பங்கைக் குறைக்கும் என்பது வருத்தமாக இருக்கலாம், ஆனால் அந்தக் குழந்தை எந்தத் தவறும் செய்யவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் முதலில் எதைச் செய்வேன் என்று சொல்கிறேன். இருதாரமணப் புகாரை இரண்டாவதாக வைப்பேன். முதல் மனு ஜீவனாம்சத்துக்கு: நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 125. கணவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டதோ வைத்துக்கொண்டதோ, அவனோடு வாழ மனைவி மறுப்பதற்குத் தகுந்த காரணம் என்று சட்டமே சொல்கிறது. இதற்குச் சடங்கை நிரூபிக்கும் பாரம் இல்லை. இருவரும் சம்மதித்துப் பிரிந்துவிட்டோம், ஆகவே ஜீவனாம்சம் கிடையாது என்று அந்தப் பத்திரத்தை இங்கே அவர் நீட்டுவார். எந்தச் சூழலில், யார் யார் நடுவில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை மனுவிலேயே விரிவாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான தொகையை எந்தப் பத்திரத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. நீங்கள் கூலி வாங்குவதும் தடையல்ல. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, லாரிக்கு ஓட்டம் இல்லை என்று அவர் சொல்லலாம். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்றும், மனு கொடுத்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. ஃபேக்டரியின் சம்பளப் பதிவேட்டையும் வரவழைக்கலாம். லைன் வீட்டுக்கு அவர் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாரோ என்ற உங்கள் பயத்துக்கு, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் குடியிருப்பு உத்தரவும் பாதுகாப்பு உத்தரவும் உண்டு; உதகமண்டலத்தில் உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுதவே உதவுவார். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

கூட்டு மனுவில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அவருக்கு இந்த அவசரம் ஏன் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இன்று விவாகரத்து கிடைத்தாலும் தை மாதம் நடந்த குற்றம் அதனால் மறையாது. ஆனால் உங்கள் கையெழுத்தை வாங்கும் வேகத்தில், ஜீவனாம்சம் வேண்டாம், வழக்கு எதுவும் தொடரமாட்டேன் என்று இரண்டு வரிகளை உள்ளே நுழைத்துவிடுவார்கள். நீங்களே விவாகரத்தை விரும்பினால், திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டது இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின் கீழ் இன்றும் முழுமையான காரணம். குற்றவியலில் போனது உரிமையியலில் போகவில்லை. அந்த மனுவை நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். இருதாரமண வழக்கு, நீதிமன்றத்தின் அனுமதியோடு மனைவி சமரசம் செய்துகொள்ளக்கூடிய வழக்கு; அந்தச் சமரசத்துக்கு உங்கள் சம்மதம் தேவை. ஒருவேளை பின்னாளில் சமரசம் பேச நேர்ந்தால், பிள்ளைகளின் படிப்புச் செலவும் உங்கள் ஜீவனாம்சமும் தொகையாக எழுதப்பட்டு, பணம் கைக்கு வந்து, நீதிபதி முன்னிலையில் பதிவான பிறகு மட்டும் கையெழுத்து வையுங்கள். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் வேண்டாம்.